சுவரிலிருந்து ஒரு சாண் உப்பு

“…யாரையும் கேக்கலை. கைக்குக் கெடச்சதை அள்ளிப் போட்டேன். இதுல வேற யாரையும் இழுக்க வேணாம். என் கைதான் தப்பு” என்று சொல்லி நிறுத்தினாள் அக்கா.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்சாதி. ஓரகத்தி என்று சொன்னால் சண்டைக்காரி என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிற ஊர் இது. அதனால் அன்றும் இன்றும் எனக்கு அவள் அக்காதான். அவளுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அன்று எங்கள் மாமியாருக்கு முதல் வருசப் படையல். படைத்து முடித்து இலை முன்னால் உட்கார்ந்த ஆம்பளைகள் முதல் கவளத்திலேயே கையை உதறிவிட்டார்கள். குழம்பில் உப்புக்குப் பதிலாகப் படிகாரம் விழுந்திருந்தது. யார் செய்த வேலை என்று அக்காவின் புருசன் கேட்டார். அவள் சமையலறை நிலையைப் பிடித்தபடி நின்று, கேட்டவர் இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, அந்தப் பதிலைச் சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அவள் சொன்னது பொய் என்று அந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள். இன்னொருத்தி நான்.

இதை இங்கேயிருந்து சொன்னால் உங்களுக்கு விளங்காது. நான் அந்த வீட்டுக்கு வாழப் போன நாளிலிருந்து வருகிறேன்.

அது சண்டைக் காலம். ஜப்பான்காரன் மதுரைக்கும் குண்டு போடுவானாம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்த காலம். அரிசிக்குக் கன்ட்ரோல், மண்ணெண்ணெய்க்குக் கன்ட்ரோல், நெசவுக்கு நூலும் கன்ட்ரோல். செல்லூரில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. முன்கட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒவ்வொரு தறி. பின்கட்டில் சமையலறை. அதைத் தாண்டிக் கிணறு, கிணற்றடியை ஒட்டி நூலுக்குச் சாயம் போடுகிற ஓலைக் கொட்டகை. இவ்வளவுதான் வீடு. தறிச் சத்தம் நின்றால் அடுப்புச் சத்தம் கேட்கும். அடுப்புச் சத்தம் நின்றால் பக்கத்து வீட்டுத் தறி கேட்கும்.

அக்கா வாழ வந்து மூன்றாம் வருசம் அம்மை கண்டிருக்கிறது. உயிரை விட்டுவிட்டு வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. தலைக்குத் தண்ணீர் விட்ட அன்று, விடிந்துவிட்டதா என்று கேட்டாளாம். உச்சிவெயில் முற்றத்தில் விழுந்து கிடந்ததாம். இதை எனக்குச் சொன்னவர் என் மாமியார். சொல்லும்போது அழவில்லை. “கண்ணுதான போச்சு, கை போகலையே” என்று தான் அன்றைக்குச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னார். மூன்றாம் மாதமே மருமகளை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, தான் வெளியே வந்து உட்கார்ந்துகொண்டாராம். உள்ளே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டும் எழுந்திருக்கவில்லையாம். அதைக் கல்மனசு என்று தெருவே பேசியிருக்கிறது. அவளாகத் தடவித் தடவி, சுட்டுக்கொண்டு, கொட்டிக்கொண்டு, ஒரு வருசத்தில் அந்த அடுப்பைத் தன் அடுப்பாக்கிக்கொண்டாள்.

நான் போனபோது அவளுக்கு வயசு இருபத்தைந்துக்குள் இருக்கும். எனக்குப் பதினேழு. முதல் நாள் காலையில், பாவம் கண் தெரியாதவள் என்று நினைத்து, கழுவிய பாத்திரங்களை நான் எடுத்து அடுக்கப் போனேன். அவள் காது அந்தப் பக்கம் திரும்பியது.

“ஏ புள்ள, நீ அரைக்கலாம், கரைக்கலாம், தண்ணி மோந்து வரலாம். ஆனா எதையும் நகட்டாத. அம்புட்டுதான் நான் உங்கிட்ட கேக்குறது” என்றாள்.

சுவரோடு சேர்த்து மண்ணால் இரண்டு தட்டு மேடை கட்டியிருந்தது. கீழ்த்தட்டில்தான் அவள் புழங்குகிற சட்டிகள். மூலைச் சுவரில் சுண்டுவிரலை ஊன்றிக் கையை விரித்தால் கட்டைவிரல் போய் நிற்கிற இடம் உப்பு. அதிலிருந்து இன்னொரு சாண் வைத்தால் புளி. அடுத்த சாண் மிளகாய், அடுத்தது மல்லி. மஞ்சளும் பெருங்காயமும் சுவர் மாடப்பிறையில் இருந்தன. அவற்றுக்கு அளவு வேண்டாம், மூக்கு போதும் என்பாள். எண்ணெய்க் கலயம் மட்டும் அடுப்புக்கு இடப்பக்கம் முழங்கைத் தூரத்தில். நடுவிரல் நுனியைக் கலயத்தின் வாயில் வளைத்து வைத்துக்கொண்டு சாய்ப்பாள். எண்ணெய் விரலில் பட்டு வழிகிற கனத்தை வைத்து அவள் நிறுத்துகிற அளவில் ஒரு சொட்டு கூடியும் நான் பார்த்ததில்லை, குறைந்தும் பார்த்ததில்லை.

கன்ட்ரோல் அரிசி எப்படி இருக்கும் என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். பாதி கல், பாதி புழு, மிச்சம் அரிசி. கண் உள்ள நானே முறத்தை வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருப்பேன். அவள் முறத்தைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகப் புடைப்பாள். அரிசி விழுகிற சத்தம் வேறு, கல் விழுகிற சத்தம் வேறு. கல் விழுந்த இடத்தில் விரல் போய் நிற்கும். பிறகு தண்ணீரில் போட்டு, அடியில் தங்குகிறதை விரல் நுனியால் துழாவி எடுப்பாள். அவள் களைந்த அரிசியில் பல்லில் கல் கடிபட்டது என்று யாரும் சொன்னதில்லை. நான் களைந்ததில் சொல்லியிருக்கிறார்கள்.

தீயைக் கன்னத்தால் பார்ப்பாள். அடுப்பு முன்னால் குனிந்து முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, “இடது பக்கம் சோர்ந்து எரியுது” என்று சொல்லி ஒரு கட்டையை உள்ளே தள்ளுவாள். சேலை முந்தானையை இறுக்கிச் செருகி, அதன் நுனியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்ட பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள். அவளுக்கென்று விறகை ஒரே நீளத்தில் வெட்டிக் கொடுப்பது அவள் புருசன். இந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் கெட்ட மனுசர் இல்லை.

உலையின் சத்தத்தை அவள் நாலாகப் பிரித்து வைத்திருந்தாள். முதலில் சீறும். அப்புறம் சந்தையில் தூரத்தில் ஆட்கள் பேசுகிற மாதிரி இருக்கும். அப்புறம் பக்கத்தில் பேசுகிற மாதிரி. கடைசியில் கனத்துப்போய், தொண்டை கட்டினவன் பேசுகிற மாதிரி கேட்கும். அப்போது அகப்பையில் ஒரு பருக்கை எடுத்து நசுக்குவாள். கஞ்சி வடிப்பதுதான் ஆபத்தான வேலை. பானைக்கு எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருவாள். துணியைச் சுற்றி மூடியை அழுத்திப் பிடித்துச் சாய்த்தால், கஞ்சி தொட்டியில் விழும் சத்தம் முதலில் தடிப்பாக இருக்கும், பிறகு நூலாக இளைக்கும், பிறகு சொட்டும். ஏழு சொட்டு எண்ணி நிமிர்த்துவாள்.

ஒரு நாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து நானும் கண்ணை மூடிக்கொண்டு வடித்துப் பார்த்தேன். பாதத்தில் கொட்டிக்கொண்டேன். சத்தம் கேட்டு வந்தவள் காரணம் தெரிந்ததும் சிரித்துவிட்டாள். “கண்ணை மூடிக்கிட்டா என்னைய மாதிரி ஆயிருவியா? எனக்குத் தெறக்கிறதுக்கு வழி இல்லைன்னுதான் வருது. உனக்கு வழி இருக்கு, வராது” என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னதுதான். எனக்குத்தான் அன்று முழுக்க மனசு சரியில்லை.

உப்பை மட்டும் அவள் நாக்கில் ஒரு கல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவாள். குழம்பு கொதித்ததும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள். கையும் காதும் மூக்கும் செய்கிற வேலைக்கெல்லாம் கடைசிக் கையெழுத்து நாக்குடையது.

நான் போய் எட்டு மாதத்தில் மாமியார் போய்ச் சேர்ந்தார். அதுவரை வாய் திறக்காதவர்கள் அதற்குப் பிறகு திறந்தார்கள். மாமியாருக்கு ஒரு தங்கச்சி. வில்லாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர். வீட்டில் எல்லோரும் சின்னாத்தா என்போம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அடிக்கடி ஆற்றைக் கடந்து வர ஆரம்பித்தார். வந்தால் அடுப்படி வாசலில் உட்கார்ந்துகொண்டு அக்காவின் கையையே பார்ப்பார். பார்ப்பது அவளுக்குத் தெரியும். அப்போது மட்டும் அவள் கை ஒரு நொடி தாமதிக்கும்.

“கொழம்புல பல்லி விழுந்தாக்கூடப் பாக்க ஆளு இல்லையே ராசா. எங்கக்கா இருந்த வரைக்கும் மறுபேச்சு இல்லாம ஓடுச்சு. இனிமே யாரு பாக்குறது? ஒரு புள்ள குட்டியும் இல்லை. நீ எத்தனை நாளைக்கு இப்பிடி?” என்று மூத்த மகனிடம் சொல்வார். ராகம் போட்டுச் சொல்வார். அவருக்குத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறது என்பது அந்த ராகத்தின் அடியில் ஓடும்.

ஆறேழு மாதம் இது நடந்தது. கடைசியில் ஒரு நாள் அக்காவின் புருசன் தறியை நிறுத்திவிட்டு வந்து, எல்லோர் முன்னாலும் சொன்னார். “அம்மாவோட வருசப் படையல் ஐப்பசியில வருது. அதை இவ கையால ஒழுங்கா முடிச்சிட்டா, இந்தப் பேச்சை அதுக்கப்புறம் நீங்களும் எடுக்கப்படாது, நானும் எடுக்க மாட்டேன். முடியலைன்னா பரவைக்குக் கொண்டு போயி விட்டுட்டு வாரேன்.”

பரவை அக்கா பிறந்த ஊர். திண்டுக்கல் ரோட்டில் இருக்கிறது. அப்பா அம்மா இல்லை. அண்ணன் ஒருவர் சந்தையில் காய்கறி ஏவாரம். அந்த அண்ணன் பெண்சாதி ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, தங்கள் வீடு எவ்வளவு சின்னது என்பதை நாலு தடவை சொல்லிவிட்டுப் போனவள். அங்கே போனால் என்ன கிடைக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். மூலையில் ஒரு பாய் கிடைக்கும். அடுப்பு கிடைக்காது.

படையல் சமையல் மற்ற நாள் சமையல் மாதிரி இல்லை. எங்கள் ஆட்களில் படைப்பதற்கு முன்னால் ஒரு சொட்டு நாக்கில் படக்கூடாது. வாசனைகூட உள்ளே இழுக்கக்கூடாது என்று வாயையும் மூக்கையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு சமைப்போம். செத்தவர்கள் சாப்பிட்ட பிறகுதான் இருப்பவர்களுக்கு. கண் உள்ளவளுக்கு இது ஒரு சிரமம் இல்லை, பார்த்துச் செய்துகொள்ளலாம். அக்காவுக்கு மூக்கையும் நாக்கையும் கட்டிவிட்டால் மிஞ்சுவது கையும் காதும்தான். மூத்த மகன் இதையெல்லாம் யோசித்துச் சொன்னாரா என்று தெரியாது. சின்னாத்தா யோசித்திருப்பார். சரி என்று உடனே தலையாட்டியவர் அவர்தான்.

அக்கா பதினைந்து நாளைக்கு முன்னாலிருந்தே தினமும் வாயைக் கட்டிக்கொண்டு சமைத்துப் பழகினாள். கடுகு வெடித்து ஓய்ந்து பத்து எண்ணினால் உளுத்தம்பருப்பு சிவந்திருக்கும் என்று எண்ணிக்கையில் பிடித்தாள். வடை எண்ணெயில் போட்டதும் கொதிக்கிற சத்தம் அடங்கி, பேச்சு முடிகிற மாதிரி ஆனால் எடுத்துவிட வேண்டும். உப்புக்கு உள்ளங்கையைக் குழித்து, குழம்புக்கு இவ்வளவு, கூட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்தாள். நான் சுவைத்துப் பார்த்துச் சொல்லுவேன். கூட என்றால் அடுத்த நாள் விரலைக் கொஞ்சம் நிமிர்த்துவாள், குறைவு என்றால் குழிப்பாள். “இந்தப் பதினஞ்சு நாளும் நீ என் நாக்கு. படையல் அன்னைக்கு நாக்கும் இல்லை, நானே பாத்துக்கிருவேன்” என்றாள். பன்னிரண்டாம் நாள் முதல் நான் குறை சொல்ல இடமே இல்லாமல் போயிற்று.

எனக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். மசக்கை மற்றவர்களுக்கு மூன்று மாதத்தோடு போகும், எனக்கு விடவில்லை. எண்ணெய் காய்ந்தாலே கிணற்றடிக்கு ஓட வேண்டும். இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. நடந்தது நடந்தபடி வர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

படையலுக்கு முதல் நாள் வீடு கழுவுகிற நாள். அடுப்படியில் இருந்த ஒவ்வொரு சட்டியையும் வெளியே எடுத்து, மேடையைச் சாணம் போட்டு மெழுகினேன். அக்கா முற்றத்தில் மாவு இடித்துக்கொண்டிருந்தாள். மெழுகிய ஈரத்தில் கீழ்த்தட்டு காயவில்லை. வெளியே ஐப்பசி மழை. உப்பை அந்த ஈரத்தில் வைத்தால் கசிந்து தண்ணீராகிப் போகும் என்று, உப்புச் சட்டியை மட்டும் மேல்தட்டில் வைத்தேன். காய்ந்ததும் இறக்கிக்கொள்ளலாம். மற்ற எல்லாவற்றையும் சாண் வைத்து அளந்துதான் வைத்தேன். அளந்தேன் என்பது சத்தியம்.

அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் கொட்டகையிலிருந்து நனைந்துகொண்டே வந்தார். ஓலை ஒழுகுகிறது, இது நனைந்தால் வீணாகிப் போகும் என்று ஒரு சட்டியைக் கையில் கொடுத்து, எங்கேயாவது நனையாமல் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். படிகாரம். சாயம் நூலில் பிடிப்பதற்காகப் போடுவது. உரலில் தட்டி, கல் உப்பு அளவுக்கு உடைத்து வைத்திருந்தார்கள். சட்டியும் எங்கள் உப்புச் சட்டி மாதிரியே, ஒரே சந்தையில் வாங்கியது. கீழ்த்தட்டில் மூலையோரம் ஒரு சட்டிக்கான இடம் காலியாக இருந்தது. வைத்தேன். உப்பை இறக்கும்போது இதை எடுத்துவிடலாம் என்ற நினைப்புதான். அப்புறம் குமட்டிக்கொண்டு வந்தது. போய்ப் படுத்தேன்.

மாவு இடித்து முடித்துவிட்டு அக்கா என்னிடம் வந்து கேட்டாள், எல்லாம் அதது இடத்தில் இருக்கிறதா என்று. இருக்கிறது அக்கா என்றேன். உப்பு மேலே இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். எழுந்து போய் இறக்கி வைத்துவிட்டால் சொல்ல வேண்டிய தேவையே இல்லையே என்று தோன்றியது. எழுந்து போகவில்லை. வழக்கமாக அவளே ஒரு முறை தடவிப் பார்த்துவிடுவாள். அன்று நான் சொன்னதை நம்பிப் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் தலை குளித்து, ஈரச் சேலையோடு, வாயைக் கட்டிக்கொண்டு அவள் உள்ளே போனாள். நான் அரைத்துக் கொடுத்தேன், காய் நறுக்கிக் கொடுத்தேன், தாளிக்கிற நேரத்தில் கிணற்றடிக்கு வந்துவிட்டேன். துவைகல்லில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து, துணிக்குள்ளிருந்து வருகிற குரலில் கேட்டாள்.

“ஏ புள்ள, உப்பு என்ன இப்பிடிக் காஞ்சு கெடக்கு? புதுசா?”

போன வாரம்தான் உப்பு வண்டியில் புது உப்பு வாங்கியிருந்தோம். நான் கண்ணைத் திறக்கவில்லை. “ஆமாக்கா, புதுசு” என்றேன்.

கை அவளுக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஐப்பசியில் உப்பு ஈரமாக இருக்கும், விரலில் ஒட்டும். இது ஒட்டவில்லை. அவள் கை கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். என் பேச்சை அவள் தன் கைக்கு மேலே வைத்துவிட்டாள்.

மதியம் மாமியாருக்குப் புதுச் சேலை வைத்து, விளக்கேற்றி, இலையில் எல்லாம் பரிமாறிப் படைத்தார்கள். கொல்லையில் காக்காய்க்கு வைத்த சோற்றைக் காக்காய் வந்து எடுத்தது. அதைக் கேட்டதும் அக்காவின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். பதினைந்து நாளாக அந்தத் தோள் ஏறியே இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பந்தியில் அண்ணன் தம்பி, பங்காளி வீட்டு ஆம்பளைகள் நாலு பேர். சின்னாத்தா ஓரமாக ஒரு இலையில்.

முதல் கவளம் போனது. ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர் தண்ணீரை எடுத்தார். சின்னாத்தா இலையிலேயே துப்பினார். “வாயெல்லாம் சுருட்டிப் பிடிக்குது. என்னத்தடி போட்ட?” என் வீட்டுக்காரர் குழம்பை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். அவருக்குத் தெரியாமல் போகுமா, நாள் முழுக்கப் புழங்குகிற பொருள். “படிகாரம்ணே” என்றார் மெதுவாக. கூட்டிலும் அதுதான். வடையிலும் அதுதான்.

“மாமியாளுக்குப் படையல் வச்சாளா, நூலுக்குச் சாயம் வச்சாளா?” என்றார் சின்னாத்தா. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அக்காவின் புருசன் இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். “படிகாரம் அடுப்படிக்கு எப்பிடி வந்துச்சு? எடுத்து வச்சது யாரு? தெரியாம எடுத்துட்டியா, யாரையும் கேட்டியா?” என்றார். அந்தக் கேள்வியில் ஒரு கதவு திறந்திருந்தது. மூட மறந்த கதவு இல்லை, வேண்டுமென்றே திறந்து வைத்தது. அவருக்கு அவளை அனுப்ப மனசு இல்லை. யாராவது ஒருத்தர் நான்தான் வைத்தேன் என்று சொன்னால், கை தப்பில்லை என்று ஆகிவிடும். சட்டியை என்னிடம் கொடுத்தது என் வீட்டுக்காரர்தான், ஆனால் நான் அதை எங்கே வைத்தேன் என்று அவருக்குத் தெரியாது, அண்ணன் பேச்சுக்கு நடுவில் வாய் கொடுக்கிறவரும் இல்லை.

எங்கள் ஆட்களில் தம்பி பெண்சாதி புருசனின் அண்ணன் முன்னால் வந்து நிற்கக் கூடாது, பேசக் கூடாது. மூத்தார் என்று மரியாதை. அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அக்காவிடம் சொல்லுவேன், அவள் போய்ச் சொல்லுவாள். அவள் இல்லையென்றால் கதவுக்குப் பின்னால் நின்று வளையலைக் குலுக்குவேன். என் வீட்டுக்காரர் எழுந்து வந்து கேட்டுக்கொண்டு போவார். அன்றும் குலுக்கியிருக்கலாம். வழக்கம் என்னைத் தடுத்தது என்று பல வருசம் எனக்கு நானே சொல்லிவந்தேன். வழக்கம் வாயைத்தான் தடுத்தது. கையில் நாலு நாலு வளையல் இருந்தது. வயிற்றில் இருக்கிற பிள்ளையைச் சேர்த்துச் சின்னாத்தா என்ன சொல்லுவாரோ என்ற பயத்தில், சத்தம் வந்துவிடக் கூடாது என்று இந்தக் கையால் அந்தக் கை வளையலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா காத்திருந்தாள். எனக்காகத்தான் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். நான் எங்கே நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். மூச்சை வைத்தே ஆளைச் சொல்லுகிறவள். முகம் ஒரு முறை கதவுப் பக்கம் திரும்பியது. அப்புறம் புருசன் பக்கம் திரும்பி, யாரையும் கேட்கவில்லை என்று சொன்னாள். கேட்டவள் அவள். பதில் சொன்னவள் நான்.

அவர் எழுந்தார். கை கழுவிவிட்டு வந்து தம்பியிடம், “காலையில வண்டிக்குச் சொல்லிரு. பரவைக்கு” என்றார்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பரவையில் அவளுக்குப் புளியில் கொட்டை எடுக்கிற வேலை கொடுத்தார்கள். தீப் பக்கம் விடவில்லை. பிள்ளை பிறந்த பிறகு ஒரு முறை, அதற்குப் பிறகு ஒரு முறை, இரண்டே தடவை போய்ப் பார்த்தேன். இரண்டு தடவையும் அண்ணன் பெண்சாதி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அக்கா பிள்ளையை வாங்கி முகத்தைத் தடவிப் பார்த்தாள். என்னை எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் தடவை போக இருந்தபோது சாவுச் சேதி வந்துவிட்டது. இங்கே, படையல் முடிந்து வந்த தை மாதமே மூத்தாருக்கு வேறு பெண் கட்டினார்கள். நாங்கள் அடுப்பைப் பிரித்துக்கொண்டோம். ஒரு வருசம் கழித்து என் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். தறியில் உட்கார்ந்து, ஊடை நூல் நாடாவை வலக்கையிலிருந்து இடக்கைக்கு ஓட்டிக்கொண்டே கேட்டார். “இப்பச் சொல்லி என்ன ஆகப் போவுது” என்றார். அதற்கு மேல் தறிதான் பேசியது.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று யோசித்துக் கொண்டேதான் இருக்கிறேன். என் வயிற்றை நினைத்துச் சொன்னாளா, இன்னொருத்தி சொல்லித்தான் தான் இருக்க வேண்டுமா என்று வெறுத்துச் சொன்னாளா, இல்லை, என்னை நம்பியதுதான் தன் தப்பு என்பதைத்தான் அப்படிச் சொன்னாளா. கேட்டிருக்கலாம். கேட்க வாய்ப்பே இல்லாமல் போகவில்லை. அன்றைக்கே வாய்ப்பு இருந்தது.

பந்தி கலைந்து ஆம்பளைகள் முன்கட்டுக்குப் போன பிறகு, அவள் அடுப்படிக்குள் திரும்பினாள். நான் பின்னாலேயே போனேன். கழுத்தில் தொங்கிய வாய்க்கட்டுத் துணியை அவிழ்த்து உதறி மடித்து வைத்தாள். குழம்புச் சட்டியைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொல்லைக் குழியில் கவிழ்த்துவிட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். நான் வாங்கப் போனேன். கொடுக்கவில்லை. “ஆளுக பசியா இருப்பாங்க” என்றாள், அவ்வளவுதான். முந்தானை நுனியை நனைத்துச் செருகிக்கொண்டு அடுப்பில் கட்டையைத் தள்ளினாள். பருப்பு வெந்து கிடந்தது. புளியைக் கரைத்தாள், ஒரு ரசம் கூட்டினாள்.

கொதி வந்தது. சுண்டுவிரலைச் சுவரில் ஊன்றிக் கையை விரித்தாள். சட்டியில் ஒரு கல் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, துப்பாமல் விழுங்கினாள். அந்தச் சட்டியை எடுத்து என் பக்கமாக நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். பிறகு அவள் கை மேல்தட்டுக்குப் போய், ஓரத்திலிருந்து மெதுவாகத் தடவிக்கொண்டே வந்து, உப்புச் சட்டியில் நின்றது. இறக்கி, உள்ளங்கையைக் குழித்து அளந்து ரசத்தில் போட்டாள். சட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். கீழ்த்தட்டில் மூலையோரம் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. அவள் கையை உயர்த்தி, நான் வைத்திருந்த இடத்திலேயே, மேல்தட்டில் அதை வைத்தாள்.